திறக்கும் கதவா, கூர்மையான கோடா?

கேள்வி: நவீன ஸ்போர்ட்ஸ் கார்களின் டைகாஸ்ட் (உலோக வார்ப்பு) மாதிரிகளைச் சேர்க்கிறேன். பல அளவுகளில் கலந்து கிடக்கின்றன. இனி 1:18 (நிஜக் காரின் நீளத்தில் 18இல் ஒரு பங்கு) வாங்குவதா, 1:64 வாங்குவதா? ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ஒருவகை பிளாஸ்டிக்) மாதிரிகள் அசல் டைகாஸ்ட் இல்லை என்கிறார்களே, தவிர்த்துவிடலாமா?

பதில்: முதலில் இடத்தைப் பாருங்கள். நாலரை மீட்டர் நீளமுள்ள போர்ஷே 911 ஜிடி3, 1:18இல் 25 செ.மீ. வரும், 1:43இல் பத்தரை, 1:64இல் வெறும் 7 செ.மீ. ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் அதிலேயே நில்லுங்கள். அளவுகள் கலந்த தட்டில் எந்தக் காருமே எடுபடாது. ஹாட் வீல்ஸ் கார்கள் பல, அட்டைக்குள் அடங்கும்படி செய்யப்படுபவை. துல்லியமான 1:64 அல்ல. 1:64இல் மாதிரிகள் செய்யும் மினி ஜிடி நிறுவனத்தின் கார் ஒன்றை அருகில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ரெசினைத் தவிர்க்காதீர்கள். உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்ப்பதே டைகாஸ்ட். அந்த அச்சுக்கு ஆகும் செலவு பெரிது. ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் கட்டுப்படியாகும். ரெசினுக்குச் சிலிக்கோன் அச்சு போதும். அதனால் குறைந்த எண்ணிக்கையில் விற்கும் அபூர்வ கார்கள் பெரும்பாலும் ரெசினில்தான் கிடைக்கும். பெரும்பாலும் கதவு திறக்காது, உண்மைதான். ஆனால் கதவு இடுக்குகளும் காரின் பின்புற இறக்கையின் விளிம்பும் உலோகத்தைவிட மெல்லியதாக வரும். இரண்டுக்கும் நடுவழியும் உண்டு: ஆட்டோஆர்ட் என்ற மாதிரிக் கார் நிறுவனம் தன் 1:18 கார்கள் பலவற்றின் உடலைக் காம்போசிட் பிளாஸ்டிக்கில் செய்து, கதவுகளைத் திறக்கும்படியே விட்டிருக்கிறது.

என்னைக் கேட்டால், காரைப் பார்த்துப் பொருளை முடிவு செய்யுங்கள். இன்றைய 911இன் பின்மூடியைத் திறந்தால் நிஜத்திலேயே இரண்டு மின்விசிறிகள்தான் தெரியும். அதற்காகத் திறக்கும் மாதிரிக்குக் கூடுதல் பணம் எதற்கு? ஃபெராரி 488 அப்படியல்ல. கண்ணாடிக்கு அடியில் எஞ்சினைக் காட்டவே வடிவமைத்த கார் அது. அங்கே திறக்கும் மூடி தன் வேலையைச் செய்யும்.

வாங்கும்போது சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். பிரேக் காலிப்பர் (பிரேக் வட்டைப் பிடிக்கும் கவ்வி) சேர்ந்தே சுழன்றால் மலிவு வேலை. முகப்பு விளக்குக்குள் பொருத்தும் முளை தெரிகிறதா, காற்றுத் துவாரங்கள் உண்மையில் துளையா அல்லது கறுப்பு மை பூசியதா என்றும் கவனியுங்கள். கார் தரையிலிருந்து தூக்கலாக நின்றால் அதை எதுவும் காப்பாற்றாது.

பராமரிப்பில் வெயிலே முதல் எதிரி. சிவப்பு சீக்கிரம் வெளிறும், ரெசின் சூட்டில் வளையும். மென்மையான டயர்கள் பிளாஸ்டிக் தட்டோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கு அடியில் சிறு தாங்கி வைத்து டயரைத் தட்டில் படாமல் தூக்கிவிடுங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், மறுவிற்பனையில் அதற்கு மதிப்புண்டு. காரைப் பெட்டிக்குள்ளேயே வைப்பதானால், மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிடுங்கள்; அதற்குள் ஈரம் சிக்கினால் பெயின்ட் கொப்பளிக்கும்.