ரப்பர் ‘செட்’ ஆகிவிட்டது என்றால் என்ன பொருள்?

கேள்வி: பேட்டையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அம்பாசமுத்திரம் பக்கம் மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கம்பெனிக்காரர்கள் தரும் கையேடு ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஒரே பக்கத்தில் ‘செட்’ என்ற சொல் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஐந்துக்கும் பொருள் வேறு மாதிரி தெரிகிறது. ‘ஓ-ரிங் ஹேஸ் டேக்கன் எ செட்’ என்பதை, ரிங் (தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) நன்றாகச் செட் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பழையதையே மாட்டினேன். இரண்டே நாளில் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இந்தச் சொல்லை எப்படிப் பிரித்துப் படிப்பது?

பதில்: உங்களைச் சறுக்கவிட்டது நம் பேச்சுத் தமிழ்தான். ‘செட் ஆயிட்டு’ என்றால் நமக்குப் பொருந்திவிட்டது, இனிக் கவலையில்லை என்று பொருள். அந்தக் கையேட்டு வாக்கியம் சொல்வதோ நேர் எதிர்: ரப்பர் அமுங்கின வடிவத்திலேயே நிலைத்துவிட்டது, இனி மீளாது.

கழற்றிய ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்து அதன் தடிமனைப் பாருங்கள். புதிது எங்கே தொட்டாலும் உருண்டையாக இருக்கும். பழசில் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ தட்டையாகி, விரல் நகத்துக்கு ஒரு விளிம்பு தட்டுப்படும். விரிசல் இல்லை, கிழிசல் இல்லை, பார்வைக்கு நல்ல ரிங்தான். ஆனால் ரப்பர் எதிர்த்துத் தள்ளினால்தான் இடுக்கு அடையும். அந்தத் தள்ளும் சக்தி போய்விட்டது. சூடு ஏற ஏற இது சீக்கிரம் நடக்கும். சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலின் ஸ்பிரிங்குக்கும் இதே சொல்தான். புதியதன் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் அதுவும் ‘செட்’ எடுத்துவிட்டது. இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘சிட்’ என்றால் உட்கார். அதன் பிறவினைதான் ‘செட்’, அதாவது உட்கார வை. நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு ஜோடி இருக்கிறது: இரு, இருத்து. திருநெல்வேலிச் சீமையில் வந்தவரை ‘இருங்க’ என்றால் உட்காரச் சொல்வதுதானே? அந்த ‘இரு’வுக்கு ‘இருத்து’ எப்படியோ, அப்படித்தான் சிட்டுக்குச் செட். கையேட்டில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் மனதில் ‘இருத்து’ என்று போட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மீதிப் பாதிக்கு ஒரு சோதனை: எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் விடை இருக்கிறதா?

விடை இருந்தால் அது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. ‘செட் த ஓவர்லோடு ரிலே’ என்றால், மின்சாரம் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் அந்த ரிலேயின் முள்ளைச் சரியான ஆம்பியரில் நிறுத்து. எந்த ஆம்பியர் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரையே வைக்கலாம். முதலில் குறைந்த அழுத்தத்தில் கிளப்பி, பிறகு முழு அழுத்தத்துக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில், மோட்டார் சுருளுக்குப் போகும் வயரில் ரிலே இருந்தால், பலகை ஆம்பியரில் 0.58 பங்குதான் அதன் வழியே ஓடும். பலகையில் 15 ஆம்பியர் என்றால் ரிலேயில் 8.7. அங்கே 15 வைத்தால், ரிலே தட்டுமுன் சுருள் கருகிவிடும். ரிலே மெயின் லைனிலேயே இருந்தால் 15தான், அங்கே 8.7 வைத்தால் ஓடவே விடாது. ஆகவே முதலில் ரிலே எந்த வயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முள்ளைத் திருப்புங்கள்.

‘ஃபேக்டரி செட்’ என்று அச்சிட்டிருந்தால் அது உத்தரவு அல்ல. கம்பெனியிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள், தொடாதே என்று பொருள். இந்தச் சொல்லுக்கு நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒரே வடிவம் என்பதால் வரும் சிக்கல் இது. வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தால் ‘செய்’. ‘இஸ்’, ‘வாஸ்’ இவற்றுக்குப் பின்னால் வந்தால் ‘செய்திருக்கிறது’.

எதை என்பதற்கு விடை இல்லையென்றால் அது தானாக நடப்பது. சூரியன் செட் ஆவது மறைவது. சிமென்ட் செட் ஆவது இறுகுவது. சாதாரண சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. ஆனால் இறுகுவது வேறு, பலம் பிடிப்பது வேறு. கார் நடவு நேரம், தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று தோட்டக்காரர் அவசரப்படுத்துவார். அடித்தள போல்ட்டைச் சுற்றி ஊற்றிய கலவை மறுநாள் கல் மாதிரி தெரியும். அன்றே நட்டை முழுதாக முறுக்கினால் போல்ட் கலவையை விட்டுப் பிரியும், மோட்டார் அதிரும். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருந்துவிட்டு முறுக்கச் சொல்லுங்கள்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘செட்’டில், தொகுதி என்ற பொருளுக்கு வேரே வேறு. பின்பற்றுவோர் கூட்டம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்து, ஓசை ஒன்றானதால் இதோடு கலந்துவிட்டது. பம்ப்செட், கோயில் கொடைக்குக் கட்டும் மைக்செட் எல்லாம் இந்தக் குடும்பம். ‘மேட்ச்ட் செட்’ என்று வீ-பெல்ட்டுக்குப் போட்டிருந்தால் அதை மதியுங்கள். மூன்றில் ஒன்று அறுந்தது என்று ஒன்றை மட்டும் மாற்றினால், நீண்டுபோன பழசு இரண்டும் சும்மா சுற்றும். பாரம் முழுதும் புதுசின் தலையில் விழுந்து அதுவும் சீக்கிரம் அறும். மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பின்னால் ஒட்டும் சிறு சொல்லையும் விடாதீர்கள். துரு ‘செட் இன்’ என்றால் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அலாரத்தை ‘செட் ஆஃப்’ என்றால் நிறுத்துவது அல்ல, கிளப்பிவிடுவது! ‘ஆஃப்’ என்றதும் நிறுத்துவதாக நினைப்பதுதான் நம் வழக்கம்.

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இதன் வினைக்கு மட்டும் 430 அளவுக்குப் பொருள் பிரித்திருக்கிறார்கள். பட்டறைக்கு அவ்வளவு தேவைப்படாது. கையேட்டில் ‘செட்’ வரும் இடமெல்லாம் பென்சிலால் மேலே எழுதிவிடுங்கள்: நிறுத்து, இறுகு, மீளாது, தொகுதி. ‘செட் ஸ்க்ரூ’ வந்தால் ‘இருத்தும் திருகு’ என்று எழுதுங்கள். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைத் தண்டில் அசையாமல் இருத்துகிற தலையில்லாத திருகு அது. அதன் முனை சாவி (தண்டுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே செருகும் இரும்புத் துண்டு) மேலோ, தண்டில் தட்டையாகச் சீவிய இடத்திலோ உட்கார வேண்டும். வெறும் உருண்டைத் தண்டில் முறுக்கினால் அங்கே பிசிர் எழும்பி, அடுத்த முறை கப்ளிங்கைச் சுத்தியல் அடித்துத்தான் கழற்ற வேண்டிவரும்.