ஜி.டி.எல். புராஜெக்ட் எடுத்தால் வேலை கிடைக்குமா?

கெமிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்லின் வாயு பரவல் அடுக்கை, அதாவது ஜி.டி.எல்.லை, கடைசி ஆண்டு புராஜெக்ட்டாக எடுக்க ஆசைப்படுகிறாள். ‘இதை நம்பி யார் வேலை கொடுப்பார்கள்?’ என்பது உங்கள் கவலை. நியாயமான கவலைதான். ஜி.டி.எல்.லைப் பெரிய அளவில் செய்பவர்கள் ஜப்பானின் டோரே, ஜெர்மனியின் எஸ்.ஜி.எல். கார்பன், ஃப்ராய்டன்பெர்க் போன்றவர்கள். அதை மட்டும் நம்பினால் இங்கே வாய்ப்பு குறைவு. ஆனால் நுண்துளைப் பொருளுக்குள் வாயு, நீர், வெப்பம், மின்சாரம் நான்கையும் ஒருசேர நடத்தக் கற்றவருக்கு எலக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவி), பேட்டரி என்று பல கதவுகள் உண்டு. அதனால் எடுக்கட்டும் என்றே சொல்வோம்.

ஜி.டி.எல். என்பது கார்பன் நாரால் ஆன மெல்லிய தாள். ஹைட்ரஜனையும் காற்றையும் வினையூக்கி வரை கொண்டு சேர்ப்பதும், அங்கே உண்டாகும் தண்ணீரை வெளியேற்றுவதும் இதன் வேலை. தண்ணீர் தேங்கினால் துளை அடைத்து, மின்னோட்டம் கூடும்போது வோல்டேஜ் சரியும். அளவுக்கு மீறி வெளியேறினால், செல்லின் நடுவே இருக்கும், ஈரத்தில்தான் புரோட்டானைக் கடத்தும் சவ்வு காய்ந்து மின்தடை ஏறும். இரண்டுக்கும் நடுவே நிற்க வைப்பதுதான் வடிவமைப்பு.

புராஜெக்ட்டில் அவள் செய்யப்போவது பெரும்பாலும் இதுதான்: தாளில் தண்ணீர் ஒட்டாமலிருக்க, 60 சதவீத டெஃப்லான் துகள்கள் மிதக்கும் நீர்க்கலவையை நீர்க்கச் செய்து, தாளை முக்கி, காயவைத்து, 350 டிகிரி செல்சியஸ் உலையில் அரை மணி நேரம் வைப்பது. அவசரப்பட்டு வேகமாக உலர்த்தினால் டெஃப்லான் மேற்பரப்புக்கு ஏறிவிடும். நடுப்பகுதி வெறுமையாகி, அங்கே தண்ணீர் தங்கும். 190 மைக்ரான் தடிமனில் 5-க்கு 5 சென்டிமீட்டர் துண்டின் எடை சுமார் 0.21 கிராம்தான். மொத்த எடையில் 20 சதவீதம் டெஃப்லான் வேண்டுமென்றால் ஏற வேண்டியது 0.05 கிராம். எனவே குறைந்தது ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும்; 0.1 மில்லிகிராம் வரை காட்டினால் இன்னும் நல்லது. உலை 400 டிகிரியைத் தாண்டினால் டெஃப்லான் சிதைந்து நச்சுப் புகை விடும். புகை உறிஞ்சும் வசதி கட்டாயம் வேண்டும். இந்த ஒன்றில் தயவுசெய்து சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் கேஸ்கெட், அதாவது வாயு கசியாமல் தாளைச் சுற்றி வைக்கும் சட்டம். 190 மைக்ரான் தாளுக்கு 150 மைக்ரான் கேஸ்கெட் போட்டால் தாள் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும். அது சரியான அளவு. 100 மைக்ரான் போட்டால் பாதியளவு நசுங்கி நார்கள் உடையும், சவ்விலும் குத்தும். 200 போட்டால், வாயுவைக் கொண்டுவந்து மின்சாரத்தை எடுத்துச் செல்லும் வெளித்தகட்டைத் தாள் தொடவே தொடாது. செல் ஓடாததற்கு வினையூக்கியைக் குறை சொல்லி மாதக்கணக்கில் அலையும்போது, தவறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

பி.டெக். மட்டும் போதாது. கேட் தேர்வு எழுதி எம்.டெக்., முடிந்தால் பிஎச்.டி. வரை போக வேண்டிய துறை இது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியும், சென்னை ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க்கில் உள்ள, மத்திய அரசின் பொருள் ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.சி.ஐ.யின் ஃப்யூயல் செல் மையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கோடை இன்டர்ன்ஷிப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் கவனம் எலக்ட்ரோலைசர் பக்கமே அதிகம். புரோட்டான் கடத்தும் சவ்வு கொண்ட பி.இ.எம். எலக்ட்ரோலைசரில் ஆக்சிஜன் பக்கம் கார்பன் அரித்துப்போகும் என்பதால் அதே அடுக்கை டைட்டானியத்தில் செய்கிறார்கள். அதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தலைப்பைக் கொடுக்கும் முன் கைடிடம் அவள் கேட்க வேண்டியவை: கார்பன் பேப்பர் கையிருப்பில் இருக்கிறதா, இல்லை இறக்குமதிக்குக் காத்திருக்க வேண்டுமா? செல்லை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஸ்டேஷன் எந்த லேபில், வாரத்தில் எத்தனை நாள் கிடைக்கும்?