சமையல் கற்றுக்கொள்ள மூன்று வருஷமா?

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். கோவையில் மனையியல் (ஹோம் சயின்ஸ்) படிக்கப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். “சமையல் கற்றுக்கொள்ள மூன்று வருஷமா?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் ‘சமையல்’ என்று இளக்காரமாகச் சொன்னார்களே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசில்லை.

அவர்கள் வீட்டு மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் கலந்திருக்கிறதா என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் நல்ல மஞ்சளும் சிவக்கும். தண்ணீர் விட்டதும் அந்தச் சிவப்பு போய்விடும். போகாமல் நின்றால் சாயம். துவரம்பருப்பில் கேசரிப் பருப்பைக் கலக்கிறார்கள். அதை நெடுநாள் தின்றவர்களுக்குக் கால் முடங்கியிருக்கிறது. உங்கள் மகள் படிக்கப்போகும் சமையல் இதுதான்.

அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு அடித்தளம் போட்ட எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண். 1870-ல் சேர்த்துக்கொண்டார்கள், 1873-ல் பட்டம் வாங்கினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குடிநீரைச் சோதித்தார், மளிகைச் சாமான்களில் கலப்படம் தேடினார். வீட்டுக்குள் வரும் தண்ணீரும் மாவும் விஞ்ஞானத்துக்கு உரிய விஷயங்கள் என்று அவர் கடைசிவரை வாதாடினார். நம் பக்கம் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பியவர். 1957-ல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. அதை வளர்த்தெடுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவில் எவ்வளவு புரதம் சேர வேண்டும் என்று யோசிக்க ஆள் வேண்டாமா? 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

துணியும் ஆடையும், குழந்தை வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, படித்ததை ஊர் மக்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கக் கல்வி எல்லாம் இதே படிப்புக்குள் வரும். வேலைக்கு ஆஸ்பத்திரி உண்டு, ஊட்டச்சத்துத் திட்டங்கள் உண்டு, சாயமும் நூலும் சோதிக்கும் திருப்பூரும் பக்கத்தில்தான். பையன்களும் படிக்க வேண்டிய படிப்பு இது. இதை எழுதும்போதெல்லாம் எனக்குத் திட்டுக் கடிதங்கள் வருகின்றன. வரட்டும்.

நுகர்வோர் கல்வியும் அவள் பாடத்தில் இருக்கும். அதனால் என் பழைய சண்டைக்கே வந்துவிடுகிறேன். பளபளக்கும் பாக்கெட்டில், மடிப்புக்குள்ளே, பாதி அழிந்த புள்ளிகளாகக் காலாவதித் தேதியை அச்சடிக்கிறார்களே, அது அநியாயம். “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று முன்பு ஒருவர் எழுதிக் கேட்டார். விஷயம்தான் ஐயா! பேரனுக்குப் பால்பவுடர் வாங்கும் பாட்டி எதைப் பார்த்து வாங்குவாள்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். தேதி தெரியாவிட்டால் கடைக்காரரையே படிக்கச் சொல்லுங்கள். அவராலும் முடியவில்லையென்றால் பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.