உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?

கேள்வி: ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைப் பிள்ளைகளோடு ரொறன்ரோவில் இருக்கும் சீ.என். ரவர் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரிக்கெற் காசை நினைத்தால் வயிறு எரிகிறது. பிள்ளைகள் கண்ணாடித் தரையில் படுத்துக் கிடந்து படம் எடுத்தார்கள். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. கடைசிவரை ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இது உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" என்றார். வேலணையிலிருந்து வந்து அவ்வளவு உயரம் ஏறித் தண்ணீரைப் பற்றியா கேட்பது? வயதானவர்களை இப்படியான இடங்களுக்குக் கூட்டிப்போவதில் பிரயோசனம் உண்டா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: தண்ணீரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் அன்றைக்கு உருப்படியான கேள்வி கேட்டவர் அவர்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மழைக்கு மட்டும் ஓடுவது. பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே தங்கி நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். உங்கள் வேலணை இருக்கிற தீவுப்பகுதியில் இந்தப் பாடு இன்னும் அதிகம். எந்த வளவுக் கிணற்றில் நல்ல தண்ணி என்று தெரிந்துகொண்டே வளர்ந்தவர், மறுகரை தெரியாத நீர்ப்பரப்பைக் கண்டால் வேறென்ன கேட்பார்?

சரி, அவருக்குப் பதில் சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். சொல்லாவிட்டால் இன்றைக்கே சொல்லுங்கள். அது நல்ல தண்ணி. ஒன்ராறியோ ஏரியின் பரப்பு ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையின் பரப்பில் கால் பங்குக்கும் மேல்! ரொறன்ரோவின் குடிநீர் அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. கரையிலிருந்து தள்ளிக் குழாய் போட்டு இழுத்து, நான்கு நிலையங்களில் சுத்திகரிக்கிறார்கள். அதில் ஒன்று உங்கள் ஸ்காபரோவிலேயே இருக்கிறது. காலையில் நீங்கள் தேநீருக்குக் கொதிக்க வைப்பதும் அப்பா மேலே நின்று பார்த்த ஏரியின் தண்ணீர்தான்.

அந்த ரவரும் வேடிக்கைக்காக மட்டும் கட்டியதல்ல. நகர நடுவில் உயர உயரமாகக் கட்டடங்கள் எழும்பி, தொலைக்காட்சி, வானொலி அலைகளை மறித்தன. வீடுகளில் படம் சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அன்ரெனா வேண்டும் என்றுதான் கனடிய தேசிய ரயில்வே நிறுவனம் 1973இல் வேலையைத் தொடங்கி 1976இல் திறந்தது. உச்சி அன்ரெனாவைத் துண்டு துண்டாக ஹெலிகொப்ரர் தூக்கிப்போய் வைத்தது. மொத்தம் 553 மீற்றர். 2007இல் துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடம் உயரத்தில் முந்திவிட்டதே என்று இன்னமும் கவலைப்படுகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. அதனால் இது செய்கிற வேலை குறைந்துவிட்டதா?

உயரம் என்றதும் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் சண்டை. விழும். வெயில் நேரத்தில் போய் நின்று பாருங்கள். 1010 வாக்கில் அறுபது மீற்றருக்கும் மேலே கல்லை ஏற்றி அடுக்கியிருக்கிறார்கள். எப்படி ஏற்றினார்கள், பாரத்துக்கு என்ன கணக்குப் போட்டார்கள் என்று கேளுங்களேன்! அதை விட்டுவிட்டு நடக்காத அதிசயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, கட்டினவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

பிரயோசனம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, தாராளமாகக் கூட்டிப்போங்கள். அடுத்ததாக ஸ்காபரோவில் புளஃபர்ஸ் பார்க் கரைக்குப் போங்கள், அங்கே நுழைவுக்குக் காசில்லை. அவர் கட்டாயம் கையில் அள்ளிப் பார்ப்பார். விடுங்கள். குடிக்க மட்டும் விடாதீர்கள், அது சுத்திகரிக்காத தண்ணீர். கிணற்றுத் துலா மிதித்த கதை, தோட்டத்துக்கு இறைத்த கதை எல்லாம் பிள்ளைகள் அங்கே வைத்துக் கேட்கட்டும். குளிர்காலத்தில் இது உறைந்துபோகுமா என்றும் கேட்பார். கரையோரம் உறையும். நடுவில் பெரும்பாலும் உறையாது, ஏனென்றால் ஏரி அவ்வளவு ஆழம், சில இடங்களில் 240 மீற்றருக்கும் மேல். இந்த முறை பதிலோடு போங்கள்.