கிளை நூலகத்தில் நிகழ்ச்சி: யாரைக் கேட்பது, எப்போது வைப்பது, யார் வருவார்கள்?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு கதை நேரமும், நவம்பரில் நூலக வார விழாவும் நடத்த நாங்கள் நாலைந்து பேர் ஆசைப்படுகிறோம். முன்பு ஒருமுறை எழுத்தாளர் ஒருவரை அழைத்துக் கூட்டம் போட்டோம். நாற்காலிகள்தான் இருந்தன, ஆட்கள் இல்லை. அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? என்ன நடத்தினால் ஆள் வரும்? பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அனுமதி. நிறையப் பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். பேரூராட்சித் தலைவரைப் போய்ப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிடுகிறார்கள். கிளை நூலகம் பேரூராட்சியின் கீழ் வருவதில்லை. அது பொது நூலகத் துறையின் கீழ், மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பில் இயங்குவது. அதனால் அந்த மனு சுற்றிச் சுற்றி மாவட்ட நூலக அலுவலரின் மேசைக்கு வந்து, அங்கிருந்து 'விவரம் தெரிவிக்கவும்' என்று உங்கள் ஊர் நூலகரிடமே இறங்கும். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலே போய்விட்டார்களே என்று அதற்குள் அவருக்கு மனம் கசந்திருக்கும். அந்தக் கசப்போடு ஒரு கதை நேரத்தையும் நடத்த முடியாது.

ஆகவே முதலில் நூலகரைப் பாருங்கள். காலையில் கூட்டம் குறைந்து, நாளிதழ் வாசிப்பவர்கள் கலைந்த நேரத்தில் போங்கள். நூலகத்தில் வாசகர் வட்டம், அதாவது நூலகத்தோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தும் வாசகர் குழு, இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்கும், பலகையிலாவது இருக்கும். நீங்கள் நாலைந்து பேரும் அதில் சேர்ந்துகொண்டு, அதன் பெயரில் நடத்துவதே சுலபமான வழி. வாசகர் வட்ட நிகழ்ச்சி என்றால் அது நூலகத்தின் சொந்த நிகழ்ச்சி. வெளி அமைப்பின் பெயரில் நடத்துவதாக இருந்தால் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்டுக்கொள்வது உங்களுக்கும் நூலகருக்கும் பாதுகாப்பு.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெறுநர் மாவட்ட நூலக அலுவலர், 'நூலகர் வழியாக' என்று மேலே எழுதுங்கள். நாள், நேரம், எத்தனை பேர் வருவார்கள், யார் பேசுவார்கள், மைக் உண்டா இல்லையா என்பது போதும். கட்டணம் கிடையாது, விற்பனை கிடையாது, கட்சி, மதப் பிரச்சாரம் கிடையாது என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். கையெழுத்துப் போடுகிறவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். வாசலுக்கு வெளியே ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்திலும் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல மைக் எதற்கு? தவிர்த்துவிடுங்கள்.

இப்படி நடத்த நமக்கு உரிமை உண்டா என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் அதுதான். உங்கள் தெருக்காரர்கள் கட்டும் பணம் அந்த அலமாரிகளில் இருக்கிறது. அதற்காக ரசீதைத் தூக்கிக்கொண்டு போய் நூலகரிடம் காட்ட வேண்டாம்.

ஏனென்றால் அந்த நூலகர் பெரும்பாலும் தனி ஆள். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அடுக்குவது, சந்தாக் கணக்கு, பத்திரிகைக் கணக்கு, மாவட்ட அலுவலகத்துக்கு மாதாந்திர அறிக்கை எல்லாம் அவர் தலையில்தான். புதிதாக ஒரு நிகழ்ச்சி என்றதும் அவர் முகம் சுருங்கினால் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலி போடுவதும், கூட்டுவதும், திரும்ப அடுக்குவதும் எங்கள் வேலை என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: வருகிற பிள்ளைகள் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள், பாதிப் பேரையாவது உறுப்பினர் ஆக்குவோம் என்று. வருகை எத்தனை, புது உறுப்பினர் எத்தனை, இரவல் போன நூல் எத்தனை, நன்கொடை கட்டிய புரவலர் எத்தனை என்றுதான் மேலிடத்தில் அவரைக் கேட்பார்கள். உங்கள் நிகழ்ச்சியால் அந்த எண்ணிக்கை கூடும் என்றால் அடுத்த மாதம் அவரே தேதி கேட்பார்.

அடுத்தது நாள். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, மாதத்தின் இரண்டாம் சனியும் விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஞாயிறு அரசு விடுமுறைதானே, பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதை நேரத்துக்கு மாதத்தின் ஏதாவது ஒரு ஞாயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை மாற்றாமல் வைத்திருங்கள். 'முதல் ஞாயிறு என்றால் நூலகம்' என்று பிள்ளைகள் வாயில் வர நாலைந்து மாதம் ஆகும். வசதிப்படி ஒரு மாதம் சனி, ஒரு மாதம் ஞாயிறு என்று மாற்றினால் அது வரவே வராது. தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்கள் அதிகமுள்ள ஊர் என்றால் காலையை விட்டு மாலைக்கு மாற்றுங்கள். மற்ற ஊர்களில் காலை பத்தரை நல்ல நேரம். அந்த நேரத்தில் வீட்டில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும், பிள்ளை சற்று நேரம் வெளியே இருந்தால் அம்மாவுக்கும் நிம்மதி. பங்குனி, சித்திரையில் கோயில் கொடை நாட்களையும், அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளுக்கு முந்தைய வாரத்தையும் காலண்டரில் முதலிலேயே அடித்துவிடுங்கள்.

அடுத்து இடம். இதில்தான் பல ஊர்களில் சண்டை வருகிறது. வாசிப்பு அறையில் குரூப் 4-க்கும் போலீஸ் வேலைக்கும் படிக்கிற இளைஞர்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள். பல கிளை நூலகங்களின் வருகைக் கணக்கே இன்று அவர்களால்தான் நிற்கிறது. வீட்டில் படிக்க இடமில்லாமல் வருகிறவர்கள் அவர்கள். அவர்கள் நடுவே இருபது பிள்ளைகளைக் கூட்டி நரி ஊளையிட வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? வராந்தா, பக்கத்து மரத்தடி, எதிரே உள்ள பள்ளியின் ஒரு வகுப்பறை என்று பாருங்கள். வேறு வழியில்லை, உள்ளேதான் என்றால் முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். ஒரு வாரம் முன்பே அறிவிப்பு ஒட்டுங்கள். தேர்வு நெருங்கும் வாரங்களில் வைக்கவே வேண்டாம்.

இப்போது காலி நாற்காலிகளுக்கு வருவோம். எழுத்தாளர் வந்தும் ஆள் வராததற்கு அவர் காரணமாக இருக்க மாட்டார். நோட்டீசு எப்படி இருந்தது? தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போயிருக்குமே? அதைப் படிக்கிறவருக்கு ஒன்றுதான் புரியும்: பேசப்போகிறவர்கள் பத்துப் பேர், கேட்கப்போகிறவன் நான். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் 'பொன்மாலைப் பொழுது' என்று எழுத்தாளர்கள், கலைஞர்கள் பேசுகிறார்கள். அது சென்னை. பேச்சைக் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். பேரூராட்சியில் அப்படியே நகல் எடுத்தால் நிற்காது. இங்கே வருகிறவருக்கு, போனால் எனக்கு என்ன கிடைக்கும், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரலாம் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

நோட்டீசை இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஞாயிறு காலை 10.30. கிளை நூலகம். பேய்க்கதை கேட்க வாங்க. ஆறு முதல் பத்து வயது வரை. 11.15க்கு முடிந்துவிடும். கதைப் புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.' இதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் ஆசிரியையாக இருந்தவர். பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வியாழனோ வெள்ளியோ காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீங்களே போய் அந்தப் பேய்க்கதையின் முதல் பாதியைச் சொல்லுங்கள். மீதி ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில். இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

கதை சொல்வது மட்டுமே நிகழ்ச்சி இல்லை. சொல்லி முடித்த கையோடு பிள்ளை ஒரு புத்தகத்தைத் தொட வேண்டும். முந்தின நாளே நூலகரோடு உட்கார்ந்து முப்பது நாற்பது சிறுவர் நூல்களை அலமாரியிலிருந்து எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே தடிமனாக இருக்க வேண்டாம். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காகப் போட்ட நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலாகப் பிரித்திருக்கிறார்கள். அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வரி, ஒரு படம் உள்ள புத்தகம் வேண்டும். அதன் கையில் இருநூறு பக்கத்தைக் கொடுத்தால் அடுத்த ஞாயிறு வராது. தரையில் பாய் விரித்து, முதுகுப்பக்கம் தெரிய அடுக்காமல் அட்டை மேலே தெரிகிற மாதிரி பரப்புங்கள். நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. யாரும் தொடாமல் தூசி படிந்த அலமாரிக்கு அன்று ஒரு நாளாவது அந்த விதி நடக்கட்டும். வீட்டுக்கு எடுத்துப்போக உறுப்பினர் அட்டை வேண்டும். விண்ணப்பத்தை வியாழனன்று பள்ளியிலேயே கொடுத்தனுப்பி, பெற்றோர் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லுங்கள். காப்புத் தொகையும் சந்தாவும் சேர்ந்தாலும் பெரிய தொகை இல்லை. அதையும் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நீங்கள் நாலைந்து பேரே கட்டிவிடலாம்.

பிள்ளைகளோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று தோன்றினால் மற்றவர்களுக்கும் கொஞ்சம் யோசியுங்கள். போட்டித் தேர்வு மாணவர்களுக்கு, சமீபத்தில் தேர்வாகித் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பிள்ளை ஒருவர் வந்து எதைப் படித்தேன், எதை விட்டேன் என்று ஒரு மணி நேரம் பேசினால் இடம் போதாது. பெரியவர்களுக்குச் செல்போன்: ஓடிபி ஏமாற்று எப்படி நடக்கிறது, பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே எப்படிப் புகார் சொல்வது என்று கையில் போனை வைத்துக்கொண்டே பழக்குங்கள். பெண்கள் நூலகத்துக்கு வருவது குறைவு. ஆண்கள் நாளிதழ் விரித்து உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைய அவர்களுக்குத் தயக்கம். அவர்களை அழைப்பதைவிட, மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் நடக்கும் இடத்துக்கு ஒரு பை புத்தகத்தோடு நீங்கள் போவது மேல். மன்னார்குடிப் பக்கம் 1931இலேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு ஸ்கூட்டி போதும். எந்த நூல் யார் பெயரில் போகிறது என்பதை மட்டும் நூலகரின் கணக்கில் முதலில் பதிந்துகொள்ளுங்கள். திரும்பாத நூலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சினிமா போடலாமா என்று யாராவது கேட்பார்கள். பொது இடத்தில் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும், விட்டுவிடுங்கள்.

செலவு பெரிதாக இல்லை. சுண்டல், வாழைப்பழம், நோட்டீசு. வசூல் நோட்டு மட்டும் போடாதீர்கள். ரசீது இல்லாத பணம் நூலகர் பெயரைக் கெடுக்கும். கொடுக்க மனமுள்ளவர்களிடம் ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சொல்லுங்கள், அதற்கு முறையான ரசீது உண்டு. சால்வைக்கு ஆகும் காசில் ஒரு சிறுவர் நூல் வாங்கலாம். பழைய புத்தக நன்கொடை என்ற பெயரில் பத்து வருடத்துக்கு முந்தைய கைடுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களிடம் மட்டும் உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நூலக வார விழா நவம்பர் 14 முதல் 20 வரை. ஏழு நாட்களில் ஒரு வெள்ளி எப்படியும் வரும். 14ஆம் தேதியே சனிக்கிழமையாக வந்தால் அது இரண்டாம் சனியாகவும் இருக்கும், 2026இல் அப்படித்தான். அந்த நாட்களில் விழாவுக்காகத் திறப்பார்களா என்று அக்டோபரிலேயே நூலகரிடம் கேட்டுத் தேதி குறியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் பந்தல் போட்டு வெளியே திட்டமிட வேண்டாம். மழை விடுமுறை விட்டால் பள்ளிப் பிள்ளைகளும் வர மாட்டார்கள். ஏழு நாளும் ஏழு நிகழ்ச்சி என்று இழுத்துக்கொள்ளாமல், வாரம் முழுவதும் இருக்கிற மாதிரி ஒரு புத்தகக் காட்சி, ஞாயிறன்று வழக்கமான கதை நேரம், வேலை நாளில் பள்ளி நேரத்திலேயே ஒரு வகுப்பை நூலகத்துக்கு அழைத்து வருவது என்று மூன்றோடு நிறுத்தினால் உங்கள் நாலைந்து பேருக்கும் மூச்சு இருக்கும். நவம்பரைத் தவறவிட்டால் ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம், ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பெயரில் கொண்டாடப்படும் நூலகர் தினம் இரண்டும் இருக்கின்றன.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கதை கேட்டதற்குச் சான்றிதழ் வேண்டாம். விழாவில் பேச்சு, ஓவியம் என்று போட்டி வைத்தால் கொடுக்கலாம். நூலகத்தின் பெயரைப் போட்டு நீங்களே அச்சடிக்காமல், வாசகத்தை நூலகரிடம் காட்டி அவர் கையெழுத்தோடும் நூலக முத்திரையோடும் கொடுங்கள்.