விளம்பரத்தில் 'துரு இல்லை', லிஃப்டில் ஏற்றினால் ஓட்டை: பழைய பி.எம்.டபிள்யூ வாங்கியவருக்கு என்ன வழி?

கேள்வி: ஜெர்மனியில் டார்ட்மண்டில் இருக்கிறேன். மியூனிக்கில் ஒரு தனிநபரிடம் 1973-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 3.0 சி.எஸ்.ஐ. கூபேயை 58,000 யூரோவுக்கு வாங்கினேன். இணைய விளம்பரத்தில் 'பாடி, அடிப்பகுதி முழுக்கத் துரு இல்லை' என்று போட்டிருந்தார். ஒப்பந்தத்தில் 'குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்ல' என்ற வரி உண்டு. இரண்டு வாரம் கழித்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், முன் ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் இடம் துருவில் ஓட்டையாகி, மேலே புட்டி வைத்து பெயிண்ட் அடித்திருக்கிறது. 14,000 யூரோ ஆகும் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன், பணம் போனதுதானா?

பதில்: போகவில்லை. ஆனால் முதலில் பட்டறைக்குப் போன் செய்து வெல்டிங் வேலையைத் தொடங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விற்றவருக்குச் சரிசெய்யும் வாய்ப்பு தராமல் நீங்களே செலவழித்துவிட்டால், அந்தப் பணத்தைப் பிறகு கேட்டு வாங்குவது மிகக் கடினம். ஆதாரமும் அழிந்துவிடும்.

ஒப்பந்த வரியைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அது உங்களை முழுதாகக் கட்டிப்போடாது. சுமார் நாற்பது வயதான ஒரு மெர்சிடிஸ் 380 எஸ்.எல். பற்றிய வழக்கில் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. அங்கேயும் விற்றவர் தனிநபர்தான். ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, பொறுப்பில்லை என்றும் போட்டிருந்தார். இப்படித் தெளிவாகச் சொன்ன தன்மைக்குப் பொறுப்புவிலக்கு செல்லாது, கார் பழையது என்பதும் அதை மாற்றாது என்றது நீதிமன்றம். உங்கள் விளம்பர வாசகமும் அதே ரகம். 'எனக்குத் தெரிந்தவரை', 'முந்தைய உரிமையாளர் சொன்னபடி' என்ற ஒட்டு ஏதாவது அதில் இருந்தால் மட்டும் நிலைமை பலவீனமாகும். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அது நீக்கப்படும் முன் இன்றே எடுங்கள்.

புட்டி விஷயம் தனி. ஓட்டையைத் தெரிந்தே மறைத்திருந்தால், ஜெர்மன் சிவில் சட்டம் 444-ஆம் பிரிவின்படி பொறுப்புவிலக்கை அவர் காட்டவே முடியாது. ஆனால் புட்டி இருப்பது மட்டும் அவர்தான் வைத்தார் என்பதற்குச் சாட்சியாகாது. அவரும் அப்படியே வாங்கியிருக்கலாம். ஒஸ்னாப்ரூக்கில் கார்மன் நிறுவனம் பாடி கட்டிய இந்த கூபேகள் அழகுக்கு எவ்வளவு பேர்பெற்றவையோ, துருவுக்கும் அவ்வளவு. ஐம்பது வருடத்தில் எத்தனை கை பட்டதோ! பழைய பட்டறை பில்கள், வாகனச் சோதனை அறிக்கைகளை அவரிடம் கேளுங்கள். அவர் கைக்கு வந்தபிறகு அந்த இடத்தில் வேலை நடந்ததாக ஒரு பில் கிடைத்தால் கதையே மாறும்.

அடுத்து, சுயேச்சையான வாகன நிபுணரை வைத்து, துருவின் ஆழத்தையும் புட்டியின் தடிமனையும் புகைப்படங்களோடு எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் பதிவுத்தபாலில் கடிதம்: குறை இது, இன்ன தேதிக்குள் சரிசெய்து தரவேண்டும். இரண்டு, மூன்று வாரக் கெடு போதும். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பழுதுபார்க்கும் இடம் பெரும்பாலும் விற்றவரின் ஊராகவே கருதப்படும். அதனால் காரை மியூனிக்கில் ஒப்படைக்கத் தயார் என்று கடிதத்தில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் கெடுவே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். காரைக் கொண்டுபோகும் செலவு, சட்டப்படி அவருடையது.

கெடு தாண்டினால் காரைத் திருப்பித் தந்து பணத்தை வாங்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது நஷ்டஈடு கேட்கலாம். பழுதுச் செலவு விலையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே பொதுவாக அது அற்பக் குறை அல்ல. உங்களுடையது இருபதுக்கும் மேல். காரின் மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால் விலைக்குறைப்பே என் தேர்வு. இப்படி ஒரு கூபே மறுபடி கிடைப்பது எளிதல்ல.

கார் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கு என்று வந்தால் இந்தத் தொகைக்கு வட்டார அளவிலான லாண்ட்கெரிஷ்ட் நீதிமன்றம்தான். அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நிற்க முடியாது. கெடு முடியும் நாளுக்கு முன்பே ஒருவரைப் பார்த்துப் பேசி வையுங்கள்.