மடியை இறக்கியது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆற்றல் பெருகினால் பொறுப்பும் பெருக வேண்டும் என்கிறீர்கள். என் அப்பா விசைப்படகு வைத்திருந்தவர். படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கடலடியை வழித்தெடுப்பது அவருக்கும் தெரியும். அப்படியானால் குற்றவாளி அவரா? இதையெல்லாம் அடக்கக் கண்டிப்பான அரசுதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

க., பாம்பன்

அன்புள்ள க.,

உங்கள் அப்பாவைக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. இறால் ஏற்றுமதியில் அந்நியச் செலாவணி வந்தது. அரசே கடனும் மானியமும் தந்து விசைப்படகுகளைப் பெருக்கியது. மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல்தான் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்றார்கள். அதற்குள் கடனை அடைத்தாக வேண்டியவர் உங்கள் அப்பா. திட்டம் தீட்டியவர் ஓய்வூதியம் வாங்கப் போய்விட்டார். அப்பாவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன், அது அவரைச் சிறுபிள்ளையாக்குவது. ஆனால் பங்கு சமமல்ல.

யோனாஸ் 1979இல் ஜெர்மன் மொழியில் எழுதினார்: பழைய அறம் அண்டை வீட்டோடு முடிந்துவிடும், இன்றைய கருவியோ பிறக்காத பிள்ளையையும் தொடும். அதனால்தான் பெற்றோரையும் ஆட்சியாளரையும் பொறுப்புக்கு மாதிரியாக வைத்தார். அதுவரை அவரோடு வருகிறேன். ஆனால் மக்களாட்சிக்கு அவ்வளவு தொலைவு பார்க்கும் பொறுமை இருக்குமா என்று சந்தேகப்பட்டு, நல்லெண்ணமுள்ள கண்டிப்பான ஆட்சியின் பக்கம் சாய்ந்தார். நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள். நான் வரவில்லை.

காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சின்னப்பாலத்துப் பெண்களைப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, கடற்பாசி எடுக்கப் போன அவர்களைத்தான் வனத்துறை விரட்டியது. அவர்களோ தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். யாரும் ஆணையிடவில்லை. அடுத்த பருவத்துக்குப் பாசி துளிர்க்க வேண்டும் என்ற கணக்கு, தினமும் முக்குளிப்பவருக்குத்தான் தெரியும். அதே கடலில் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காகப் பெயர்த்தெடுத்ததில் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. அப்போதும் அரசு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். மடியில் இறால் குறைகிறது என்று அவருக்கு எந்த ஆண்டு தெரிந்தது? அதைச் சொல்ல எந்தக் கூட்டத்துக்காவது அவரை அழைத்தார்களா?